தோலுக்குள் போன கரி

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்து முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். உன் எழுத்து என் கையில் பட்டதே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு தகப்பன் இப்படியும் எழுதலாமோ என்று நினைப்பாய். நினை. ஆனால் கையைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கடிதத்தில் உன்னுடையது என்று ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் நான் உனக்குப் பழக்கியவை. என்னுடைய அருவருப்பைத்தான் நீ நல்ல கொழும்புக் கடதாசியில் நல்ல மையால் எழுதி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

நீ என்ன எழுதினாய் என்று உனக்கே ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன். அம்மா கலியாண வீட்டுக்கு வரட்டும், ஆனால் மணவறைக்குப் பக்கத்தில் நிற்காமல் உள் அறையில் இருந்தால் நல்லது. அவவின் வலது கையைப் பார்த்தால் பெம்பிளை வீட்டார் யானைக்கால் போல ஏதோ பரம்பரை வியாதி என்று நினைப்பார்கள். பெம்பிளையின் தகப்பன், அந்த வக்கீல் பிரக்கிராசியாரின் மனைவி ஏற்கனவே ஒருமுறை சாடையாகக் கேட்டுவிட்டா. ஆகையால் அம்மா நிற்கவேண்டிய இடத்தில் சின்னம்மா நிற்கட்டும். இவ்வளவும் உன் சொற்கள். பெரிய மனதுதான் உனக்கு. பெற்றவளுக்கு உள் அறையில் ஒரு கதிரை கொடுத்திருக்கிறாய். தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்கு நீ வீட்டுக்கு வரும்போது சனம் நிறைந்திருக்கும், தனியாகப் பேச இடம் இராது. இருந்தாலும் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவின் கை வியாதியால் வீங்கியதல்ல. அது என்னால் வீங்கியது.

ஊர்காவற்றுறையில் எனக்கு என்ன பட்டம் என்று உனக்குத் தெரியும். சவர்க்காரக் கிளாக்கர். சுங்கக் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு வேறு நல்ல பேர் கிடைக்கவில்லை. கரையில் இறக்கிவைத்த சங்குக்குள் சதை அழுகிக் கிடக்கும். அவித்துக் காயவைத்த கடலட்டையைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவருவார்கள். ஆட்டுத்தோல் வரும், கருவாடு வரும். மற்றவர்கள் அந்த நாற்றத்துக்குள் நின்று வெற்றிலை போடுவார்கள். நான் மூக்கில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால் நேரே கிணற்றடி. தண்ணீர் குடிக்க எனக்கென்று ஒரு மூக்குப்பேணி, சோறு தின்ன எனக்கென்று ஒரு கோப்பை. சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் பானையோடு கொட்டச் சொல்லுவேன். இதையெல்லாம் நான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஊரும் சிரித்துக்கொண்டே அதைச் சுத்தம் என்றுதான் சொன்னது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைப் பார்த்துப் பார்த்து இரண்டு தரம் கை கழுவப் பழகினாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் அம்மா எனக்கு மாமன் மகள். நெடுந்தீவில் மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம் என்பதால் பெண் பார்க்கவென்று நான் போகவில்லை. தாலி கட்டிய அன்றுதான் அவளுடைய வலது முன்கையைச் சரியாகக் கண்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை மட்டும் ஒரு கொடி, அதில் ஐந்து பூ, எல்லாம் பச்சை குத்தினது. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது இராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியில் வந்த ஒரு பெண், விளக்குப் புகையில் பிடித்த கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்து, இரண்டு ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்தினாளாம். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் கையில் அது உண்டு. மற்ற நகையெல்லாம் கழன்றுபோகும், இது செத்தாலும் கூட வரும் என்று அவர்கள் சொல்லுவார்கள். அவள் அந்தக் கையை எனக்குக் காட்டி, இது தாய் சொன்ன பூ, இது அக்கா சொன்ன பூ என்று சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மாட்டுக்குக் குறி சுட்டமாதிரிக் கிடக்கு” என்றேன். நெடுந்தீவாளிடம் சொல்ல இதைவிடக் கேவலமான பேச்சு வேறு இல்லை. அவள் கையை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மணிக்கட்டு மட்டும் நீளக் கைச் சட்டைதான் அவளுக்கு. வெயிலோ புழுக்கமோ, அதுதான். நீ பிறந்து நாலு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் எங்கள் கந்தோர்ப் பெரிய கிளாக்கரின் மனைவி வீட்டுக்கு வந்தா. அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. அந்த மனுசி பார்த்துவிட்டு, “தீவுப்பக்கம் உதெல்லாம் இன்னும் இருக்குதோ?” என்று கேட்டுச் சிரித்தா. அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எனக்குள்ளே ஒரு கிழமை கிடந்து புளித்தது. கந்தோரில் கூட வேலை செய்த ஒருவன் பச்சையை எடுக்க ஒரு வழி சொன்னான். முருகைக்கல் சுட்ட புதுச் சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்துப் பூசிப் புகையிலையால் மூடிக் கட்டினால் பச்சை உரிந்து வந்துவிடும் என்றான். எங்கள் தீவுகளில் சுண்ணாம்புக்கும் புகையிலைக்கும் என்ன குறை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானே குழைத்தேன், நானே பூசினேன், நானே கட்டினேன்.

அவள் குசினிக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, “இஞ்சாருங்கோ, தாங்கேலாமல் கிடக்கு. கழுவட்டோ?” என்று கேட்டாள். நான் புகையிலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பொறும், இன்னும் தெரியுது” என்றேன். மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன். கட்டை அவிழ்த்தபோது தோல் புகையிலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே இருந்ததை எழுத என் கை கூசுகிறது. இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கண்டு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தவன் நான்தான். கையைச் சுட்டவனும் நான், குமட்டினவனும் நான். அவள்தான் இடது கையால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டாள்.

புண் ஆற நாலு மாதம் ஆனது. சீழ் பிடித்தது, காய்ந்தது, மறுபடி பிடித்தது. ஆறிய இடத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு தழும்பு. பச்சை போய்விட்டது. எனக்குத் திருப்தி. யாரும் கேட்டால் கொதிகஞ்சி ஊற்றுப்பட்டது என்று சொல்லச் சொன்னேன், அவளும் அப்படியே சொன்னாள். ஆனால் அந்தப் புண்ணோடு தோளுக்குக் கீழே கமக்கட்டுக் குழியில் நெறி கட்டியிருந்தது. உனக்கும் காலில் முள் ஏறினால் கவட்டில் ஒரு கட்டி உருளுமே, அதுதான் நெறி. புண் ஆறினால் நெறியும் போய்விட வேண்டும். இவளுக்குப் போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, புளியங்கொட்டை அளவில் கல்லுப்போல நின்றது. அடுத்த வருடம் வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரிய டொக்டர், எங்கள் ஆள்தான், கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர், ஒரு நெறியை வெட்டி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

அவளுக்குக் குளோரபோம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் விறாந்தையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் டொக்டர் வெளியே வந்தார், பின்னால் ஒரு நேர்ஸ் ஒரு சின்னத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தா. தட்டத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு கட்டி. அதன் உள்பக்கம் கறுப்பு. சும்மா கறுப்பல்ல, குசினிச் சுவரில் படிந்த புகைக்கரியைத் தண்ணீர் விட்டுக் குழைத்த மாதிரி ஒரு கறுப்பு. மனித உடம்புக்குள்ளே இருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

“உம்மடை மனுசிக்கு அந்தக் கையிலை எப்பவாவது பச்சை குத்தினதோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா.”

“வடிவாய் யோசிச்சுச் சொல்லும். கறுப்பாய் வாற புற்று ஒண்டு இருக்கு. அதெண்டால் நான் கமக்கட்டை முழுக்கத் துப்பரவாக்க வேணும். பச்சை குத்தினதெண்டால் வேறை கதை.”

“இல்லை ஐயா. எங்கடை ஆக்கள் பச்சை குத்திறேல்லை.”

மகனே, அவர் இரண்டு தரம் கேட்டார். கேள்வியின் காரணத்தையும் சொன்னார். நான் படிக்காதவன் அல்ல, விளங்காமல் சொல்லவில்லை. அந்த நேர்ஸ் தட்டத்தோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தா, சுத்தமான வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட தொப்பி. சவர்க்காரக் கிளாக்கரின் பெண்சாதி மாட்டுக்காரர் வீட்டுப் பச்சை குத்தின கைக்காரி என்று அவ அறியக்கூடாது என்று நினைத்தேன். என் தலைக்குள் அந்த நேரத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. டொக்டர் உள்ளே திரும்பிப் போய் அவளுடைய கமக்கட்டில் இருந்த நெறி எல்லாவற்றையும், அதைச் சுற்றியிருந்த கொழுப்பையும் சதையையும் தோண்டி எடுத்தார். நான் சொன்ன பதிலுக்கு அவர் செய்தது சரியான வேலை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வெட்டி எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு டொக்டர் எனக்கு ஆள் அனுப்பினார். தனியே போனேன். இருக்கச் சொல்லவில்லை. “அது புற்று இல்லை. கரித்தூள். நான் அண்டைக்குக் கேட்டனான், நீர் இல்லை எண்டனீர்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் ஐயா, சின்ன வயசிலை குத்தினது” என்றேன். அவர் ஒரு கடதாசியை எடுத்து ஒரு கையை வரைந்தார். கோபத்தில் பென்சில் முனை உடைந்தது. இன்னொரு பென்சில் எடுத்துத் தொடர்ந்து வரைந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை இருபது வருடமாக நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் கேட்டுக்கொள்.

பச்சை என்பது தோலின் மேலே பூசிய சாயம் அல்ல. ஊசி கரித்தூளைத் தோலுக்குக் கீழே, சதைக்குள்ளே கொண்டுபோய் விடுகிறது. அங்கே உடம்பின் காவல்காரர் போலச் சில உயிரணுக்கள் உண்டு, வந்த தூளை விழுங்கிவிட்டு அந்த இடத்திலேயே கிடக்கும். பூவாகவும் கொடியாகவும் வெளியே தெரிவது அதுதான். ஆனால் எல்லாத் தூளும் நிற்பதில்லை. மிக நுண்ணிய தூள் தானாகவே நகரும், சிலதை அந்த உயிரணுக்களே சுமந்துகொண்டும் புறப்படும். சதைக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறதாம். அந்த நீரை வடித்துக்கொண்டு போக, இரத்தக் குழாயை விட மெல்லிய, நிறமில்லாத குழாய்கள் உடம்பெல்லாம் ஓடுகின்றன. நிணநீர்க் குழாய் என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். அந்தக் குழாயின் தொடக்கத்தில் சுவர் இறுக்கமாக இல்லை, ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று கவிந்தபடி சும்மா கிடக்கும். சதையில் நீர் கூடினால் அந்த ஓரம் உள்பக்கமாகத் திறக்கும், நீரோடு தூளும் உள்ளே போகும், பிறகு ஓரம் மூடிக்கொள்ளும். நமது கடலில் வைக்கிற மீன்கூட்டின் வாய் மாதிரி, போகலாம், திரும்பி வர ஏலாது. கையை ஆட்டி அசைத்து வேலை செய்யச் செய்ய அந்த நீர் மேலே மேலே தள்ளப்பட்டுக் கமக்கட்டுக்கு வரும். அங்கே இருக்கிற நெறிதான் அரிதட்டு. நீரை விட்டுவிட்டுத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே அவள் மாடு கட்டிய நாளிலிருந்து, தண்ணீர் இறைத்த நாளிலிருந்து, உன்னைத் தூக்கிய நாளிலிருந்து, அந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாகப் பயணம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் சுண்ணாம்பு பூசிக் கட்டியது முன்கையில். கரி போயிருந்ததோ கமக்கட்டுக்கு. நான் உண்டாக்கிய புண்ணும் வீக்கமும் இன்னும் கொஞ்சத்தை அந்தப் பக்கம் அடித்துக்கொண்டுதான் போயிருக்கும் என்றார் டொக்டர். “நீர் மேலாலை எரிச்சனீர். உள்ளை போனது போனதுதான். அது அங்கை ஒரு கரைச்சலும் குடுக்காமல் சாகும்வரைக்கும் கிடந்திருக்கும்” என்றார். பிறகுதான் மற்றதைச் சொன்னார். நெறியையும் குழாய்களையும் எடுத்துவிட்டதால் இனி அந்தக் கையில் ஊறுகிற நீருக்குப் போக வழி இல்லை. கை வீங்கும். காலம் போகப் போகத் தோல் தடிக்கும். ஒரு சின்னக் கீறல் பட்டாலும் காய்ச்சல் வரும். “வெட்டினது என்ரை கை. அதை நான் மறக்கமாட்டன். மனுசிக்கு நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?” என்று கேட்டார். நான் சொல்லுகிறேன் என்றேன். வள்ளத்தில் திரும்பி வரும்போது எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கரை சேர்ந்தபோது சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நீயே சாட்சி. முதலில் விரல், பிறகு புறங்கை, பிறகு கை முழுவதும். அந்த வலது கைக்கு மட்டும் அகலமாகச் சட்டை தைக்கவேண்டி வந்தது. வருடத்தில் இரண்டு மூன்று தரம் நடுக்கத்தோடு காய்ச்சல். தோல் எங்கேயாவது வெடித்தால் தண்ணீர் போல ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும், துணி நனைந்து ஒரு வாடை அடிக்கும். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கையால் அவளே அந்தத் துணியைச் சுற்றிக் கட்டுவாள். ஒருநாளாவது நான் அந்த முனையைப் பிடித்துக் கொடுத்ததில்லை. எனக்கு ஒவ்வாது என்று அவளுக்குத் தெரியும், ஆகையால் நான் குசினிக்குள் வந்தால் கையை மறைத்துக்கொள்ளுவாள். ஊரார் யானைக்கை என்றார்கள், செய்வினை என்றார்கள், போன பிறப்புப் பாவம் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். அவளும் ஏதோ பாவந்தான் என்று நம்பி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்து வருடா வருடம் போய்வந்தாள். தோணியில் ஏற்றி அனுப்பினவன் நான். என்னை நினைக்க எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

உனக்கு ஏழு வயது இருக்கும். நீ பள்ளிக்கூடத்தால் வந்து பசியோடு இருந்தாய். அம்மா சோற்றையும் மீன்குழம்பையும் குழைத்து உன் வாயில் தீத்த வந்தாள். நீ வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாய். “நீங்கள் தீத்த வேண்டாம். கை ஊதிப்போய்க் கிடக்கு. எனக்குச் சத்தி வருது” என்றாய். அவள் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிள்ளையைக் கண்டிப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் உன்னைக் கூப்பிட்டு என் கோப்பைக்குப் பக்கத்தில் இருத்தி என் கையால் தீத்தினேன். நீ சாப்பிட்டாய். அந்த உருண்டையை அவள் சட்டிக்குள்ளே திருப்பிப் போடவில்லை, வெளியே எறியவுமில்லை. அங்கேயே நின்று தானே சாப்பிட்டாள். அன்றைக்கு உன் வாயில் நான் வைத்தது சோறு மட்டுமல்ல என்பது உன் கடிதத்தை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும். எனக்குச் சொல்லத் தகுதி உள்ளது ஒன்றுதான். உனக்கு வரப்போகிறவளிடம் ஏதாவது ஒன்று உனக்குப் பிடிக்காமல் இருக்கும். நித்திரையில் வாய் பிளப்பாள், கால் வெடித்திருக்கும், அவள் வீட்டுச் சமையலில் ஒரு வாடை இருக்கும். பிள்ளை பெற்றால் இன்னும் எவ்வளவோ வரும். அருவருப்பு வரட்டும், அது வருவதைத் தடுக்க ஏலாது. ஆனால் அதைச் சுத்தம் என்றோ மரியாதை என்றோ பேர் மாற்றி வைத்துக்கொண்டு அவளைத் திருத்தப் புறப்படாதே. யாராவது வந்து உன் பெண்சாதியைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லு. இதற்கு மேல் புத்தி சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வியாழக்கிழமை பேனாவை வைத்தேன். மகனுக்குச் சொல்லுகிறேன், அவளுக்கு இன்னும் சொல்லவில்லையே என்ற நினைப்பு வந்தது. அந்தக் கேவலமாவது இன்றோடு தீரட்டும் என்று கடதாசியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பத்து மணி இருக்கும். அம்மா சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டு இருந்தாள். முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். உன் கடிதத்தில் இருந்ததையும் ஒளிக்கவில்லை. அவள் அரிசி பொறுக்குவதை நிறுத்தவில்லை. டொக்டர் தட்டத்தோடு வந்த இடத்தை வாசித்தபோது மட்டும் இடது கை அரிசிக்குள் அப்படியே நின்றது. முடித்துவிட்டு நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன்.

“அண்டைக்கு விறாந்தையிலை ஆர் ஆர் நிண்டவை?” என்று கேட்டாள்.

“டொக்டரும் ஒரு நேர்ஸும்.”

“வேறை ஒருத்தரும் இல்லையோ?”

“இல்லை.”

“அந்த ரண்டு பேருக்காக” என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போனாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வேளைக்கு என் கோப்பையில் சோறு இருந்தது, அதை யார் வைத்தது என்று நான் காணவில்லை. நேற்றுக் காலையில் நெடுந்தீவிலிருந்து உன் மாமா வந்து இறங்கினார். அவள்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். தமையனை முன்கதவடியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். “பெடியன்ரை கலியாணத்திலை நான்தான் மணவறைக்குப் பக்கத்திலை நிப்பன். அவனுக்குப் பிடிக்காட்டில் அவன் கண்ணை மூடட்டும். கட்டைக் கைச் சட்டை தைக்கக் குடுத்திருக்கிறன். அண்ணை என்னோடை வருவார், தேப்பன் நிக்கிற இடத்திலை அவர் நிப்பார்” என்றாள்.

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“பொன்னுருக்கு இஞ்சைதானே. அதிலை நில்லுங்கோ. கலியாண வீட்டுக்கு நீங்கள் வரவேண்டாம்.”

ஒரே பிள்ளை என்றேன். இருபது வருடமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தேன் என்றேன். காலில் விழுகிறேன் என்றுகூடச் சொன்னேன், உனக்கு எழுதாமல் மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அழுகின சங்குச் சதையை நான் எப்படிப் பார்ப்பேனோ, அந்தக் கையை எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வை. “ஆக்கள் கேட்டால்?” என்றேன் கடைசியாக. “கேக்கட்டும்” என்றாள். ஆகவே மகனே, நீ தாலி கட்டுகிற நேரம் நான் ஊர்காவற்றுறையில்தான் இருப்பேன். மனம் கிடந்து துடிக்கிறது. ஆனாலும் அவள் சொன்னது அவள் வாயால் வந்த முதல் கட்டளை, அதை நான் மீறமாட்டேன்.

மணவறையில் இருத்த முன்னம் அம்மாவிடம் போய்த் திருநீறு பூசிவிடச் சொல்லிக் கேள். வலது கையால் பூசுவாள். சத்தி வந்தால் விழுங்கிக்கொள். பந்தலில் நாலு பேர் கட்டாயம் தகப்பன் எங்கே என்று கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லாதே. உலக யுத்த காலம், வள்ளம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. அம்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டா என்று சொல்லு. அதற்குப் பிறகும் பிரக்கிராசியாரும் அவருடைய மனைவியும் அந்தக் கை என்ன வியாதி என்று கேட்டால், நீ ஒன்றும் பேசாதே. இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடு. சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிக்கச் சொல்லு.

ஐயா